பேட்ஜில் பதியாதது

மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, மேலே ஒரு பழைய துண்டையும் போர்த்திவிட்டுக் கணவன் இடுப்பில் கை வைத்து நின்றான். பாம்பை அடித்துப் போட்டவன் மாதிரி முகத்தில் ஒரு நிம்மதி. வைஃபை பெட்டி போன வாரமே கூடத்திலிருந்து மாடிப்படிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அவள் தலையணைக்குப் பக்கத்தில் போன் கிடந்தால் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துவிடுவான். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து அவள் வயிற்றில் உண்டான பிள்ளை. பள்ளி வேன் ஓட்டி ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே காலம் தள்ளியவன் இந்த ஆட்டம்கூட ஆடாவிட்டால்தான் அதிசயம்.

"ஏங்க, அது சோத்தைத்தான் சூடாக்கும். கதவை மூடிட்டா வெளிய வராது. போன்ல வர்ற அலையும் உள்ள போய் எதையும் உடைக்காது."

"உனக்குத் தெரியாததா? இருந்தாலும் எனக்கு மனசு கேக்கல."

அவளுக்குத் தெரியும்தான். தெருவில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரே அக்கா. ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. ரேடியோவில் பாட்டைக் கொண்டுவரும் அலை, அடுப்புக்குள் சுற்றும் அலை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், எக்ஸ்ரே எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே வேகத்தில் ஓடுபவர்கள் என்று படித்திருக்கிறாள். மூத்தவர்கள் சாது. எக்ஸ்ரே மாதிரி கடைசியில் பிறந்தவர்களுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும். உடம்புக்குள் புகுந்து உயிரணுவையே கிழித்துவிட்டுப் போவார்கள். அவன் சாதுவைப் பிடித்துக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தான். அவள் தினமும் போய் நின்றதோ கோபக்காரனுக்கு எதிரில்.

வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியாமலே ஒரு மாதத்துக்கு மேல் அப்படி நின்றுவிட்டாள். நாள் தள்ளிப்போனதை வேலை அலைச்சல் என்று நினைத்துக்கொண்டாள். சளியும் காய்ச்சலுமாகக் குழந்தைகள் வரிசை கட்டி வந்த சமயம் அது. நெஞ்சைப் படம் எடுக்கும்போது எந்தக் குழந்தை ஒழுங்காக நிற்கிறது? பெற்றவள் பிடித்தால் பாதியில் விட்டுவிடுகிறாள். கடைசியில் இவளே இரண்டு கையையும் பிடித்துக்கொள்வாள்; கூட வேலை பார்ப்பவன் தடுப்புக்குப் பின்னால் நின்று பட்டனை அமுக்குவான். மேலே கதிரைத் தடுக்கும் ஈய அங்கி போட்டிருந்தாள், உண்மைதான். ஆனால் தொங்கவிட வேண்டிய அங்கியை அங்கே எல்லோரும் மடித்து நாற்காலியில் எறிவார்கள். மடிப்பில் ஈயம் வெடித்திருக்குமோ என்று சோதிக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. அந்த மடிப்பு சரியாக அவள் அடிவயிற்றில் விழும்.

விஷயம் தெரிந்ததும் அவளை வரவேற்பு மேஜைக்கு மாற்றினார்கள். பெண் டாக்டர் பதறவில்லை.

"பயப்படாதீங்கம்மா. இதுல படுற அளவு பொதுவா ரொம்பக் கம்மி. பேட்ஜ் போட்டிருப்பீங்கல்ல? அந்த ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க, நிம்மதியா ஆயிடலாம்."

பேட்ஜ் என்பது சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பட்டை. மேலே படும் கதிரையெல்லாம் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை ஆய்வகத்துக்கு அனுப்பினால் எவ்வளவு பட்டது என்று சொல்வார்கள். போன வருஷம் கூட வேலை பார்ப்பவனின் பேட்ஜில் அளவு கூடிவிட்டது. விசாரணை முடியும்வரை அவன் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் இவர்கள் பேட்ஜை ஸ்டேப்ளர், ரப்பர் பேண்டோடு வரவேற்பு மேஜை டிராயரில் போட்டுவிட்டு எக்ஸ்ரே அறைக்குள் போகத் தொடங்கினார்கள். முதலாளி கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டார். அந்த யோசனையைச் சொன்னவள் இவளேதான். அன்றைக்கு எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள்.

ரிப்போர்ட்டைக் கணவனே போய் வாங்கி வந்தான்.

"பூஜ்யம்! ஒரு பொட்டு கூடப் படல!" வாசலிலேயே கத்தினான். வந்த வேகத்தில் துண்டை உருவிவிட்டு அடுப்பின் பிளக்கை மாட்டினான். ஒரு டம்ளர் பாலைச் சூடாக்கி அவளிடம் நீட்டினான். அவள் ஒரு வாய்கூடக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

முதலாளிக்குப் போன் செய்து, பேட்ஜ் டிராயரில் கிடந்ததை டாக்டரிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள்.

"நீயா ஏம்மா இதைக் கிளப்புற? பூஜ்யம்னு வந்தா சந்தோஷப்படு. வெளிய தெரிஞ்சு சென்டரை மூடிட்டாங்கன்னா அத்தனை பேரும் எங்க போறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சொல்லாவிட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை, உள்ளே இருக்கும் ஒரு ஜீவனைத் தவிர.

மறுபடி டாக்டரிடம் போனார்கள். அவள் கட்டிலில் படுத்திருந்தாள். கணவன் பக்கத்தில் நின்று அவள் கையைப் பிடித்திருந்தான். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, "அப்ப கவலையே இல்ல" என்று ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேன் கருவியை எடுத்தார். வயிற்றில் தடவிய பசை சில்லென்று இருந்தது.

"டாக்டர், அந்த பேட்ஜ் என் உடம்புலயே இல்ல. டிராயர்ல கிடந்துச்சு. நான்தான் போட்டு வெச்சேன்."

டாக்டரின் கை நின்றது. "எத்தனை நாள்?"

"எல்லா நாளும்."

டாக்டர் திட்டவில்லை. "சரி. எத்தனை படம் எடுத்தீங்க, எங்க நின்னீங்க, எல்லாத்தையும் யோசிச்சுச் சொல்லுங்க. கணக்குப் போட்டுப் பாக்கலாம். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. ஆனா அந்தப் பூஜ்யத்தை வெச்சு இனி நான் எதுவும் சொல்ல முடியாது."

எப்போது அவன் கையை எடுத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் கை மட்டும் கட்டில் விளிம்பில் கிடந்தது. டாக்டர் கருவியை வயிற்றில் வைத்து அழுத்தினார்.

"இந்த மெஷின்ல ஏதும் கதிர் வருமா?"

அடுப்பு, போன், வைஃபை என்று எதையும் இத்தனை நாள் அவளிடம்தான் அவன் கேட்பான். இதை அவன் டாக்டரைப் பார்த்துக் கேட்டான்.

"இல்லைங்க. இது வெறும் சத்தம்தான், காதுக்குக் கேக்காத சத்தம்" என்றார் டாக்டர்.

அவன் தலையாட்டினான். அவள் பக்கம் திரும்பவில்லை. திரையின் இருட்டில் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு அரிசி அளவு வெளிச்சமாய் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. கண்ணை எடுக்காமல் அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.