வசந்தன் விழுந்ததாகச் சொன்ன கடிகாரம்

யோகேஸ்வரி மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி கத்தியது. சாதாரணக் கத்தல் இல்லை, ஊரையே கூட்டும் கத்தல். முழங்கையால் திருப்பிப் பார்த்தாள். 'வசந்தன் பலமாகக் கீழே விழுந்துவிட்டார். அவரிடமிருந்து பதில் இல்லை' என்று சிவப்புக் கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

சொன்னது, புருஷன் கையில் அவளே வாங்கிக் கட்டிவிட்ட உடற்பயிற்சிக் கடிகாரம். சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடக்காவிட்டால் இதயத்துக்கு ஆபத்து என்று கிளினிக்கில் டாக்டர் மிரட்டிய வாரம் வாங்கியது. வந்த நாளிலிருந்து அந்தச் சனியன் ஒரு நாளாவது ஒழுங்காக வேலை பார்த்ததா என்றால், இல்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து கண் எரிய வந்தவரை, நன்றாகத் தூங்கினீர்கள் என்று பாராட்டியது. கழற்றி அரிசி டின் மேல் வைத்தால் டின்னுக்கும் நாடி பார்த்தது. கம்பெனிக்கு எழுதினால், அணைத்து மறுபடி போடுங்கள், தங்கள் பொறுமைக்கு நன்றி என்று பதில் வரும். அவளுக்குப் பொறுமை உண்டென்று உலகத்தில் நம்பியது அந்தக் கம்பெனி ஒன்றுதான்.

அது காட்டும் நடைக் கணக்கை மட்டும் அவள் குறை சொன்னதில்லை. தினமும் சாயங்காலம் வசந்தன் பூங்காவைச் சுற்றி நடக்கப் போவார், கணக்கு எகிறிக்கொண்டு போகும். செடெனாக்கில் இருக்கும் தங்கச்சிக்கு அதைப் படம் பிடித்து அனுப்பிப் பீற்றிக்கொள்வாள்.

பொய் சொல்லியே பழகிய கடிகாரம். ஆனால் இந்த ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருந்தால்?

அவரைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள், அதுவும் அப்படியே. நாடி காட்டும் இடத்தில் வெறும் கோடு. வரைபடத்தில் அவர் இருக்கும் இடம் பூங்காவே இல்லை. தம்போயில் கார் பட்டறைகளுக்குப் பின்னால், ஆள் உயர ஆழத்தில் சாக்கடை ஓடும் பக்கம். அங்கே அவருக்கு என்ன வேலை? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு எந்த இடமென்று சொல்வது? ஐந்து நிமிடத் தூரம்தானே என்று மஞ்சள் கையோடு காரை எடுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்போய் முழுக்கச் சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லை தாண்டி வீடு திரும்பும். சிவப்பு விளக்கில் மாட்டிக்கொண்டு கம்பெனியைக் கூப்பிட்டாள். பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒருவன் தேன் ஒழுகும் ஆங்கிலத்தில் வந்தான். அவருக்கு உயிர் இருக்கிறதா, அதை மட்டும் உங்கள் கணினியில் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஆங்கிலமும் மலாயுமாகக் கெஞ்சினாள். முதலில் கடிகாரத்தை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள் என்றான் அவன்.

"விழுந்து கெடக்கிற மனுஷன் கையில இருக்குலா அது! நான் எங்க போயி அணைக்கிறது?" என்று தமிழிலேயே கத்தினாள். என்ன புரிந்ததோ, பொறுமைக்கு நன்றி சொன்னான்.

காலையில் அவரிடம் கடைசியாக என்ன பேசினோம்? சட்டைப் பையில் டிஷ்யூவை வைத்தபடி துவைக்கப் போட்டார் என்று ஏசியது. அவர் ஈரத்துணியில் ஒட்டியிருந்த துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு நின்றார். அதோடு நின்றதா மனசு? மாலை போட்டு வைக்க அவர் சிரித்த முகமாக ஒரு படம்கூட இல்லையே என்று போனது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தாள். கறுப்புத் தண்ணீர். ஓர் ஆண் செருப்பு மிதந்தது. சாக்கடை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கட்டம் போட்ட வார், அவருடையது இல்லை என்று தெரிவதற்குள் பாதி உயிர் போய்விட்டது.

அப்போதுதான் பின்னாலிருந்த பட்டறைக்குள் யாரோ சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும்.

பாதி இறக்கிய இரும்புக் கதவுக்கடியில் குனிந்து உள்ளே போனாள். சுற்றிலும் உறுமி மேளங்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் தவிலோடு வசந்தன். வலது கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய பொட்டலத் தேத்தண்ணி. கடிகாரம் கட்டிய இடது கை களைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முழுசாக, வியர்வையோடு, உயிரோடு இருந்தார்.

"அலமாக், அக்கா!" என்று எழுந்தான் பட்டறைக்காரன் ரூபேந்திரன். உறுமிக் குழுவை நடத்துபவனும் அவன்தான். "அண்ணனை நான்தான் கூப்பிட்டேன், ஏசாதீங்க."

யோகேஸ்வரி கைப்பேசியை நீட்டினாள். வசந்தன் படித்தார். முகம் வெளிறியது.

"கொஞ்ச நேரம் முன்னாடி கடைசியா ஓங்கி ஒண்ணு வெச்சுட்டு கையத் தொங்கப் போட்டேன். அதத்தான் விழுந்துட்டேன்னு சொல்லிருச்சு போல. ஃபோன் மோட்டார்சைக்கிள் பெட்டியில இருக்கு, யோகு."

"அப்ப பார்க்குல நடந்தது?"

"முட்டி வலிக்குது. ரெண்டு நாள் நடந்து பார்த்தேன், முடியல. இங்க ஒக்காந்து அடிச்சா, கையாட்டத்தையும் நடைன்னு எண்ணிச்சு. நீ தங்கச்சிக்கெல்லாம் அனுப்பி அவ்ளோ சந்தோஷப்பட்ட. சொல்ல வாய் வரல."

வேறு நாளாக இருந்தால் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள். ரூபேந்திரனும் அதற்குத்தான் பயந்து சுவரோரம் நகர்ந்தான். ஆனால் கோபத்தைத் தேடினால் அகப்படவில்லை. இவர் பொய் சொன்னார், கடிகாரம் பொய் சொன்னது. எல்லாமே பொய், அவர் விழுந்ததும் பொய். அப்பாடா என்று இருந்தது. மஞ்சள் கையால் அவர் தோளில் ஒன்று வைத்தாள். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது.

"நாளைக்கு முட்டிய டாக்டர்கிட்ட காட்டறோம்."

"சரி."

"இப்ப அடிங்க."

"என்னது?"

"தவிலத்தான். நீங்க இருக்கீங்கன்னு என் காதுல விழணும்."

வசந்தன் ரூபேந்திரனைப் பார்த்தார். அவன் அவசரமாக உறுமியைத் தோளில் மாட்டினான். அடி விழுந்ததும் தகரக்கூரை அதிர்ந்தது. யோகேஸ்வரி ஒரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்தில் தன் குரல் யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும், வாய்விட்டு அழுதாள்.