சும்மா இருக்கறவளோட வினைச்சொல்

"நீ ஆத்துல சும்மாதானேம்மா இருக்கே, பரீட்சை எல்லாம் எதுக்கு?"ன்னு பிரணவ் கேட்டப்போ, எனக்கு வந்த ஆத்திரத்துல செல்போனை ஈயச்சொம்புக்குள்ள போட்டிருப்பேன். ரசம் வீணாப்போயிடுமேன்னு போடலை.

பிரணவ் என் ஒரே பிள்ளை. பிரான்ஸ்ல லியோன்ங்கற ஊர்ல இருக்கான். மாட்டுப்பொண் சாருலதாவுக்கு ஏழாம் மாசம். எங்க மயிலாப்பூர்ல இதுக்கு ஒரு முறை வச்சிருக்கா. வெளிநாட்டுல குழந்தை பிறந்தா ரெண்டு சம்பந்தி அம்மாக்களும் ஷிஃப்ட் போட்டுண்டு போகணும். விசா விடற வரைக்கும் ஒருத்தி சமைச்சுக் கொட்டணும், அவ கிளம்பினதும் இன்னொருத்தி. சாருவோட அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிருக்கு. அதனால முதல் ஷிஃப்ட் என் தலையில.

"கடையில பால் கேட்கவாவது தெரியணும்"னு அவனேதான் என்னை அடையாறுல பிரெஞ்சு கிளாசுல சேர்த்துவிட்டான். அங்கேதான் கோட்டை விட்டான். எனக்குப் பிடிச்சுப்போயிடுத்து.

எங்க டீச்சர் ஜாஸ்மின், நொச்சிக்குப்பத்துப் பொண்ணு, வாய் ஓயாது. ஒருநாள் போர்டுல 'த்ராவாயே'ன்னு எழுதினா. வேலை செய்யறதுன்னு அர்த்தம். "இது எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா ஆன்ட்டி? அந்தக் காலத்துல மூணு கட்டையை நட்டு ஆளைக் கட்டி வச்சு சித்திரவதை பண்ணுவாங்களாம். அந்தக் கட்டையோட லத்தீன் பேர்லேர்ந்து வதைபடறதுன்னு ஒரு சொல் வந்து, அதுவே பாடுபடறதுன்னு ஆகி, கடைசில வேலைன்னு ஆயிடுச்சாம். அப்படி இல்லவே இல்லைன்னு சண்டை போடறவங்களும் இருக்காங்க." எனக்கு ஒரு சண்டையும் இல்லை, உடனே நம்பிட்டேன்.

இப்போ ஆபீஸ் போனாலும் அதே சொல்தானாம். பாடம் படிச்சாலும் அதுதான், மாவு பிசைஞ்சாலும் அதுதான். மரப்பலகை வெயில்லயும் மழையிலயும் கோணிண்டா, அதுவும் த்ராவாயே பண்றதாம். மனசை ஒண்ணு அரிச்சுண்டே இருந்தா அதுக்கும் இந்தச் சொல்லாம். அடேயப்பா! மாவுக்கு உண்டு, மரக்கட்டைக்கு உண்டு. எந்த ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணினாலும் எனக்கு மட்டும் 'ஒர்க்கிங்: நோ'.

அன்னிக்கு சப்பாத்திக்குப் பிசையறப்போ, நான் வேலை செய்யறேன், நான் வேலை செய்யறேன்னு பிரெஞ்சுல சத்தமா சொல்லிண்டே பிசைஞ்சேன். எங்காத்துக்காரர் சுப்பராமன் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஸ்லோகம் அது?"ன்னார்.

முதல் பரீட்சையில கிளாசுலேயே நான்தான் ஃபர்ஸ்ட். கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு யாராவது மார்க் போட்டது அப்போதான். அடுத்த லெவல் பரீட்சைக்குப் பேர் கொடுத்து, ராத்திரி பகலா படிச்சிண்டிருந்தேன்.

பிரணவ் டிக்கெட் அனுப்பினான், பிரசவத் தேதிக்குப் பத்து நாள் முன்னாடிக்கு. பரீட்சை அன்னிக்கே ஃப்ளைட்!

"ஏன்னா, தேதி பார்த்தது யாரு?"

"நான்தான். அஷ்டமி இல்லை, நவமி இல்லை, மேற்கே சூலம் இல்லை. ஃபர்ஸ்ட் கிளாஸ் நாள்"னார் பெருமையா.

பஞ்சாங்கத்துல அத்தனையும் பார்த்த மனுஷர், ஃப்ரிட்ஜ் கதவுல நான் ஒட்டி வச்சிருந்த ஹால் டிக்கெட்டைப் பார்க்கலை. தினம் அந்தக் கதவைத் திறந்துதான் மோர் எடுத்துக் குடிக்கறார்.

அப்புறம்தான் பிரணவ் போன்ல அந்த 'சும்மாதானேம்மா'வைக் கேட்டான்.

"டிக்கெட்டை மாத்துடா"ன்னேன்.

"நீ வர்றதுக்குள்ள குழந்தை பிறந்துட்டா?"

பிறந்த உடனே அதை வாரி எடுத்துக்கணும்னு எனக்கு இல்லையா? ரெண்டு கையும் தவிக்கறது. ஆனா பரீட்சை ஹால்ல என் நாற்காலி மட்டும் காலியா இருக்கும்னு நினைச்சா அதுவும் தாங்கலை.

"பிறக்கட்டும். பொண்டாட்டி பிள்ளை பெத்தா அப்பாவுக்கும் லீவ் உண்டாமே உங்க ஊர்ல? ஜாஸ்மின் சொன்னா. நீ போடேன்."

"அம்மா, எனக்கு ப்ராஜெக்ட் இருக்கு..."

"எனக்குப் பரீட்சை இருக்கு."

"அப்போ நீ வரவே வேண்டாம்."

சுருக்குன்னு குத்தித்து. ஆனாலும் விடலை.

"வருவேன்டா. பரீட்சை எழுதிட்டு, நானே டிக்கெட் போட்டுண்டு வருவேன். குழந்தையைக் கொஞ்ச வருவேன், உங்காத்து அடுப்படிக்கு வரமாட்டேன்."

பின்னாடி சாரு சிரிக்கற சத்தம் கேட்டது. "வாங்கோம்மா, இவருக்குச் சமைக்கத் தெரியும்"னா. பிரணவ் பட்டுனு போனை வச்சுட்டான்.

வச்சுக்கட்டும். சுப்பராமன் பஞ்சாங்கத்தை எடுத்துண்டு வந்து, "பரீட்சை அன்னிக்கு ராகுகாலம் எப்போ?"ன்னு மெதுவா ஆரம்பிச்சார். கையிலேர்ந்து அதை வாங்கி பரண்ல போட்டேன்.