அக்காவுக்கு ஆறாம் மாத எக்கோ

அன்றைக்கு வரிசைப் பட்டியலை மாற்றி, அக்காவின் பெயரைத் தன் மேஜைக்குக் கொண்டுவந்தது தங்கை சின்னவளேதான். இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற எக்கோ அறையில் பதினெட்டு வருஷ அனுபவம் இருந்தால் அந்த அளவு திருட்டுத்தனம் செய்ய முடியும். அக்காவுக்கு இதய வால்வு மாற்றி ஆறு மாதம் ஆகிறது. தடித்துப்போயிருந்த இதயச் சுவர் இளைத்திருக்கிறதா இல்லையா என்பது இன்று தெரிந்துவிடும். அதை வேறொருத்தி முதலில் பார்த்துவிடக் கூடாது.

காரணம் பழையது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அண்ணனுக்குப் பிறவியிலேயே வால்வில் கோளாறு என்று தெரியவந்தது. கூடப் பிறந்தவர்களையும் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர். ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் சின்னவள்தான் அளந்தாள். சுருங்கின வால்வில் ரத்தம் எவ்வளவு அழுத்தத்தோடு பாய்கிறது என்பதற்கு ஒரு எண் உண்டு. அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு. வீடே அல்லோலகல்லோலப்பட்டு, அடுத்த மாதமே ஆபரேஷன். அக்காவுக்கு இருபத்தொன்பது. நடுத்தரம், வருஷம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று எழுதினாள். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மூச்சு வாங்குகிறது என்று அக்கா அப்போதே சொன்னாள். இவளோ பெரிய மேதாவி மாதிரி, "உடம்பு போட்டுட்ட அக்கா. தினமும் கொஞ்சம் நட, சரியாயிடும்" என்றாள். சலவைக் கடையில் இஸ்திரி மேஜை முன்னால் ஒன்பது மணி நேரம் நிற்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது!

தங்கை சொன்னால் அக்காவுக்கு மறுபேச்சு கிடையாது. பதினோரு மாதம் பூங்காவைச் சுற்றினாள். முதலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள், பிறகு இரண்டில், பிறகு ஒவ்வொன்றிலும். நான்காவது பெஞ்சுக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அன்று சின்னவள் பழைய படங்களைத் திறந்து பார்த்தாள். அக்காவின் இதயம் சின்னது. சுவர் இறுகி, ஒரு துடிப்புக்குக் கொஞ்சம் ரத்தம்தான் வெளியே போயிருக்கிறது. ரத்தமே கொஞ்சமென்றால் அழுத்தம் எங்கிருந்து வரும்? அண்ணனிடம் கூச்சல் போட்ட அதே நோய் அக்காவிடம் அடக்கி வாசித்திருக்கிறது. வால்வின் வாய் எவ்வளவு திறக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். பத்து நிமிஷ வேலை. வெளியே கூட்டம், நம்ம அக்காதானே என்று விட்டுவிட்டாள். முன்பின் தெரியாதவளாக இருந்தால் செய்திருப்பாள். அதுதான் அவளை அரித்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இதயம் தேறிவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று தனக்குள் ஒரு பேரம் வைத்திருந்தாள். ஆனால் காலாகாலத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட அண்ணனுக்கே ஒரு வருஷம் கழித்தும் சுவர் இளைக்கவில்லை, இதயத் தசையில் தழும்பு விழுந்துவிட்டது என்கிறார்கள். தாமதமாகப் போன அக்காவுக்கு என்ன காத்திருக்கிறதோ.

அக்கா இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். சின்னவள் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தாள். பதினாலு மில்லிமீட்டராக இருந்த சுவர் பத்தாகியிருந்தது. நம்பாமல் மூன்று தடவை அளந்தாள். பத்துதான். பெண்களில் பலருக்கு இதயம் சீக்கிரம் பழைய அளவுக்குத் திரும்புகிறது, ஆண்களுக்குத் தழும்பு அதிகம் தங்குகிறது, ஆனால் யாருக்கு எப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தப்பித்தோம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டாள்.

"பிரமாதம் அக்கா! அண்ணனைவிட உன்னுது நல்லா தேறிடுச்சு."

"அவன் காதுல போட்டுடாதே. அதுக்கும் ஒரு வாரம் படுத்துப்பான்" என்று அக்கா சிரித்தாள். பிறகு திரையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நிஜமாவே நல்லா இருக்கா? இல்ல, அன்னைக்கு மாதிரி நல்லா இருக்கா?"

பூசி மெழுகியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த இருபத்தொன்பதையும், கூட்டத்தையும், விட்டுப்போன பத்து நிமிஷத்தையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"பதினோரு மாசம்டி. ஒவ்வொரு பெஞ்சுலயும் உக்காந்து, நாமதான் சோம்பேறி போலன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"திட்டிடு அக்கா."

அக்கா திட்டவில்லை. "வேற யாரையாவது ஒரு தடவை பாக்கச் சொல்லு" என்று மறுபடி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

பக்கத்து அறையில் எக்கோ எடுக்கிற பெண் வந்தாள். அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவள் பொறுமையாக எல்லாவற்றையும் அளந்தாள். வால்வின் வாயையும் கணக்குப் போட்டாள். பத்து நிமிஷம் பிடித்தது. "சுவர் பத்துதாம்மா இருக்கு. நல்லா தேறிட்டீங்க" என்றாள்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாகக் கேட்கிறவளைப் போல அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "நிஜமாவாம்மா? ரொம்ப நன்றிம்மா" என்றாள்.

ஜெல்லைத் துடைக்கச் சின்னவள் காகிதத்தைக் கிழித்து நீட்டினாள். அந்தப் பெண்ணும் ஒன்றை நீட்டினாள். அக்கா அந்தப் பெண்ணுடையதை வாங்கிக்கொண்டாள்.