எழுபது வயது விதி

அடி அண்ணாமலையில் தங்கை வீட்டு முன்னால் வண்டி நின்ற பிறகும் குமரேசன் இறங்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அவர் மிதிக்காத வாசல் அது. வண்டியை ஓட்டிவந்த மணிவேல், சங்கத்தின் இணைச் செயலாளர், திரும்பிப் பார்த்தான்.

"இறங்குங்க அய்யா. நோட்டரி ஆறு மணிக்கெல்லாம் பூட்டிட்டுப் போயிடுவாரு."

மாவட்டக் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பதவி ஐம்பத்திரண்டு வருஷமாகக் குமரேசன் வீட்டை விட்டுப் போனதில்லை. முதலில் அப்பா, பிறகு அவர். 1937-இல் சிம்லாவில் கூடித் தேசியச் சம்மேளனத்தைத் தொடங்கிய கதையை, தானே அங்கே இருந்தவர் போல அப்பா சொல்வார். சம்மேளனம் விதி வகுக்கும், மாநிலச் சங்கம் அதைக் கீழே அனுப்பும், மாவட்டம் நிறைவேற்றும். நடுவரின் விசில் முதல் பையன்களின் பிறந்த தேதி வரை எல்லாம் அந்த வழியில்தான் நடக்கும். இப்போது அதே வழியில் அவருக்கே ஒரு விதி வந்திருந்தது: எழுபது முடிந்தவர் பதவிக்கு நிற்கக் கூடாது. மனுப் போட நாளை கடைசி நாள். எதிர்த்து நிற்பவன் புகழேந்தி, வேங்கிக்காலில் மனை விற்பவன்.

பள்ளிச் சான்றிதழ்படி குமரேசனுக்கு எழுபது முடிந்து எட்டு மாதம் ஆகிறது. உண்மையில் அறுபத்தொன்பதுதான். கீழ்பென்னாத்தூர் பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். நீளக் கை. நாலு நிறையும் முன்பே தொட்டுவிட்டார். தலைமையாசிரியர் ஐந்து முடிந்ததாக ஒரு ஜூன் முதல் தேதியை எழுதிக்கொண்டார். சரியான தேதி ஜாதகத்தில்தான் இருந்தது; அதை வைத்து நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினால் மனுப் போடலாம். அம்மாவின் பெட்டியோடு அது தங்கை பச்சையம்மாளிடம் வந்து சேர்ந்திருந்தது.

கிரிவலப் பாதையை ஒட்டி, வீட்டு முன்னாலேயே இருந்த தன் கடையில் அவள் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வா என்று சொல்லவில்லை.

"என் ஜாதகம் வேணும்மா," என்றார்.

"ஏன், பொண்ணு பாக்கப் போறியா?"

மணிவேலுக்குச் சிரிப்பு வந்தது. குமரேசன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். விஷயத்தை அவனே சொன்னான். பச்சையம்மாள் கடைசி வரை கேட்டாள்.

"ஜாதகத்த எவன் வேணா எழுதிக்கலாம்னு நீதானே அண்ணா சொன்ன. மைதானத்துல, அத்தனை பேர் முன்னாடி."

சொன்னது உண்மை. பத்தொன்பது வருஷத்துக்கு முன் பதினாலு வயதுக்குட்பட்டோர் அணியில் அவள் மகன் முருகவேல் தேர்வாகியிருந்தான். சான்றிதழில் பதினைந்து. அவனும் சீக்கிரம் காதைத் தொட்ட பிள்ளை. பச்சையம்மாள் அவன் ஜாதகத்தோடு ஓடிவந்தாள். தங்கை மகனுக்கு வளைந்துகொடுத்தான் என்று பேர் வந்துவிடக் கூடாதே என்று, வேண்டிய அளவுக்கு மேலேயே குரலை உயர்த்தினார் குமரேசன். வீட்டு மானம் காத்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தார்.

"அவன் ஆடாம போனதை நான் மறந்துட்டேன்," என்றாள். "இப்ப வேன் ஓட்டறான், நல்லாத்தான் இருக்கான். ஆனா போன மாசம் சண்டையில அவன் மாமனாரு கேக்கறாரு, வயசைத் திருத்தின வீடுதானே உங்க வீடுன்னு."

உள்ளே போய், மஞ்சள் தடவிய பழைய ஜாதக நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"தரேன். எம் புள்ள பொய் சொல்லலன்னு எழுதிக் குடு. சங்கத்துக் காயிதத்துல, சீல் வெச்சு."

"அவசரத்துல எதுக்கும்மா அதெல்லாம்," என்றான் மணிவேல்.

"நீ சும்மா இருப்பா. பத்தொம்போது வருஷம் அவசரமா?"

காகிதமும் சீலும் எப்போதும் குமரேசன் பையில் இருக்கும். அன்று சான்றிதழைப் பார்த்து நீக்கியது விதிப்படி சரி என்று முதலில் எழுதினார். முருகவேல் வயதை மறைக்கவில்லை, குடும்பத்தார் காட்டிய ஜாதகம் மெய்யானது என்று அடுத்து எழுதினார். அதைப் பொய் என்றது சங்கத்தின் தவறு என்று முடித்துவிட்டு மறுபடி படித்தார். சங்கமா கத்தியது? வேறு தாள் எடுத்தார். எல்லாவற்றையும் மறுபடி எழுதி, கடைசியில் 'என் தவறு' என்று போட்டார். கையெழுத்திட்டு, சீலை அழுத்தினார்.

பச்சையம்மாள் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள். பிறகு நோட்டை நீட்டினாள்.

குமரேசன் கை நீட்டவில்லை.

"நேரமாவுது அய்யா," என்றான் மணிவேல்.

"இதை நான் வாங்கினா, அந்தக் காயிதம் இதுக்குக் குடுத்த கூலின்னு ஆயிடும். நாளைக்கே கடைத்தெருவுல புகழேந்தி அப்படித்தான் பேசுவான். அப்புறம் அது முருகவேலுக்கு எதுக்கு ஒதவும்?"

"அய்யா, அம்பத்திரண்டு வருஷம்..."

"தெரியும்டா. அப்பாவும் நானும்தானே இருந்தோம்."

"எடுத்துட்டுப் போண்ணா," என்றாள் பச்சையம்மாள். "மெய்தானே."

"மெய்தான். வெச்சுக்க."

சீலைத் துடைத்து மணிவேலிடம் கொடுத்தார். "எனக்கு மனு எழுத வேணாம். தேர்தல் முடிஞ்சதும் இதைப் புகழேந்திகிட்ட குடுத்துடு. மை ஜாஸ்தி வெக்காதன்னு சொல்லு, எழுத்து ஊறிடும்."

எழுந்துகொள்ளப் பார்த்தார். அலுப்பாக நாற்காலியிலேயே சாய்ந்தார்.

"சுக்கு காபி போடட்டா?" என்றாள் தங்கை.

"போடு," என்றார். "நீ கெளம்பு மணி. நான் பஸ்ல வந்துக்கறேன்."