குழாய் கடிக்கிறது

1

இந்தக் கதை தனபாலன் சொன்ன ஒரு வரியிலிருந்து வந்தது. "மீட்டர் முள்ளு நகர்ந்ததும் அந்தப் பொண்ணு அழல, அப்பிடியே உக்காந்திருச்சு." கண்டி நகரத்து மஹய்யாவையில் வீடுகளின் மின்கம்பிகளைச் சோதித்துப் பார்ப்பது அவர் தொழில். அந்த வரி அவருடையது. மற்றதெல்லாம் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி மூடிய கண்டி மலைகளுக்கு நடுவே, ஒரு மார்கழிக் காலையில், சுந்தரி குழாயைத் திறக்க–"

நிறுத்திவிட்டேன். நடந்தது மலையில் இல்லை. இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் ஒரு குளியலறையில்.

2

அடுத்த தெருவில் ஒரு கடை மின்கசிவால் எரிந்த பிறகு பலரும் தனபாலனைக் கூப்பிட்டார்கள். கந்தோரில் கிளார்க்காக இருந்த லெட்சுமணனும் கூப்பிட்டார். மெயின் சுவிட்சைப் பார்த்துவிட்டுத் தனபாலன் திரும்பியபோது, குசினி வாசலில் நின்ற லெட்சுமணனின் மனைவி சுந்தரி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, பாத்ரூம் குழாயையும் பாக்குறீங்களா? தொட்டா கடிக்குது."

"அவளுக்கு நரம்புக் கோளாறு. மாத்திரை எடுக்குறா," என்றார் லெட்சுமணன். "நானும் அதே குழாயிலதான் குளிக்கிறேன். எனக்கு ஒண்ணுமில்லையே."

தனபாலன் இருவர் கால்களையும் பார்த்தார். சுந்தரி வெறுங்கால். லெட்சுமணனுக்குத் தடித்த ரப்பர் செருப்பு.

"குளிக்கிறப்பவும் செருப்புத்தானா?"

"ஈரத்துல நின்னா சளி பிடிக்குமே."

3

[இங்கே லெட்சுமணனைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். குளிரில் மனைவியின் விரல்கள் வீங்குகின்றன என்று சுடுதண்ணீர் ஹீட்டரை வாங்கி வந்து, தன் கையாலேயே சுவரில் பூட்டி வயரும் இழுத்தவர் அவர். மாத்திரையையும் மறக்காமல் வாங்கி வருபவர். அவள் சொன்னதை மட்டும் அவர் நம்பவில்லை.]

4

மீட்டரின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையை ஈரத்தரையிலும் வைத்தார் தனபாலன். முள் எழுந்தது. சுந்தரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல," என்றாள், யாரையும் பார்க்காமல்.

தனபாலன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஹீட்டரைத் திறந்தார். மின்சாரம் வரும் கம்பிகள் தடிப்பானவை. ஏர்த் கம்பியோ அழைப்பு மணிக்குப் போடும் மெல்லிய நூல், நடுவில் கருகி அறுந்திருந்தது.

"ஏர்த்துல கரண்டு போகாதுன்னுதான்..." என்றார் லெட்சுமணன்.

"எல்லாம் சரியா இருக்கிற வரைக்கும் போகாது. கோளாறு வந்தா மொத்தமும் அதுலதான் பாயும். ஃபியூஸ் எரியிற வரைக்கும் அது தாங்கணும். இங்க ஃபியூசுக்கு முந்தி ஏர்த்து எரிஞ்சிருச்சு, கரண்டு தண்ணி வழியா குழாய்க்கு வந்திருச்சு. இந்த மாதிரி வீட்டுக்கு, கரண்டு வயர் எவ்வளவு தடிப்போ ஏர்த்தும் அவ்வளவு போடுங்க. தண்ணிக் குழாயையும் நல்ல தடிச்ச வயரால ஏர்த்தோட இணைக்கணும். மெல்லிசாப் போட்டு மிச்சம் பிடிக்கிற இடமில்ல இது."

லெட்சுமணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். தனபாலனுக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கருவிப்பெட்டியில் தேவையில்லாத எதையோ தேடினார்.

அந்த வாரமே ஹீட்டர் மாறியது, மின்கசிவு வந்தால் தானே அணையும் ட்ரிப் சுவிட்ச் வந்தது, ஏர்த் கம்பியும் குழாய் இணைப்பும் சரியான தடிப்பில் போடப்பட்டன. தனபாலன் மறுபடி அளந்தார். முள் அசையவில்லை.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் லெட்சுமணன் மன்னிப்புக் கேட்கிறார். அவர் வாயில் அந்தச் சொல் ஒட்டவில்லை. இன்னொன்றில் தனபாலன் ஒரு நாள் பிந்தி வருகிறார்– வேண்டாம், அதை முடிக்க எனக்கு மனமில்லை.

மிஞ்சியது இதுதான். அதே குழாயைப் பார்த்தபடி குளியலறை வாசலில் மூவரும் நிற்கிறார்கள். "இப்பத் தொட்டுப் பாருங்க, தங்கச்சி," என்கிறார் தனபாலன். சுந்தரி கையை நீட்டவில்லை. கணவனைத் திரும்பிப் பார்த்து, "செருப்பக் கழட்டிட்டு நீங்க மொதல்ல குளிச்சிட்டு வாங்க," என்கிறாள்.

அதை அவள் எந்தக் குரலில் சொன்னாள்? தனபாலன் அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் இதை எந்தக் குரலில் சொல்வார்களோ, அந்தக் குரலில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.