பிரேக் இல்லாத பக்கம்

கால் தரையை அழுத்துகிறது, அந்தப் பக்கத்தில் பெடல் எதுவும் கிடையாது, வெறும் தகரமும் அதன்மேல் ஒரு ரப்பர் விரிப்பும்தான், இருந்தும் வலது கால் தன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அண்ணன் வரதராசு திரும்பிப் பார்க்காமலே சொல்கிறான், பெடல் உள்ள போகுதுறா முத்து, சும்மா உள்ள போகுது, அந்தக் குரலில் பயம்கூட இல்லை, காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டார்கள் என்பது போல ஒரு சின்ன ஆச்சரியம்தான், கீழே ஆழியாறு அணைத் தண்ணீர் வெயிலில் மினுங்குகிறது, வளைவு வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, நாச்சிமுத்து கண் விழிக்கும்போது கொட்டகையில் முக்காலி மேல் உட்கார்ந்திருக்கிறார், காலை வெயில் தகரக் கூரையின் ஓட்டை வழியாக இறங்கி அதே வண்டியின் பச்சை முகப்பில் விழுகிறது, அவருடைய வலது கால் மட்டும் இன்னும் சிமெண்டுத் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது.

மேற்கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தச் சீமை வண்டியை எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது அண்ணனிடம் விட்டுப்போனார், பொள்ளாச்சியில் அது போகிற தெருவெல்லாம் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள், அண்ணன் வால்பாறைக்கு ஓட்டிப்போய்த் திரும்பி இறங்கிய அன்று பாறையில் மோதி வெளியே தூக்கி எறியப்பட்டுச் செத்தான், பக்கத்தில் இருந்த தம்பி கோணிப்போன மணிக்கட்டோடு பிழைத்தான், வண்டியைக் கட்டி இழுத்துவந்து தார்ப்பாய் போட்டு மூடினார்கள், அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பம்பு செட் பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு நாச்சிமுத்துதான் தார்ப்பாயை விலக்கினார், ஆளைக் கொன்ற வண்டிக்கு எதற்கய்யா அலங்காரம் என்று சொந்தபந்தம் கேட்டது, அது ஒரே ஒரு தடவை மிதித்த இடத்தில் நின்றுவிட்டால் போதும், அதற்குப் பிறகு தூங்கலாம், இதை யாரிடம் போய்ச் சொல்வது.

வருஷக்கணக்கில் தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, இருக்கைக்குத் தோல் தைத்து, எல்லாம் முடிந்துவிட்டது, முடிந்த பிறகுதான் பயம் வந்தது, அதுவரை இரும்பாகக் கிடந்தது இப்போது ஓடத் தயாராக நிற்கிறதே. எனவே அவர் முடித்ததையே மறுபடி மறுபடி முடித்தார், இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவில் காற்று இழுக்கின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் சொருகிக்கொண்டு கேட்டார், நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்டார், கதவு இடுக்கு ஒரு நூல் கூடுதல் என்று கழற்றி மாட்டினார், மனைவி தெய்வானை காப்பியை நீட்டிவிட்டு, கார நோட்டம் பாக்கறீங்களா, இல்ல அதுக்கு சோசியம் பாக்கறீங்களா மாமா என்றாள், அவர் சிரித்து மழுப்பினார், ஆனால் ஒன்று மட்டும் மழுப்பலில்லை, பிரேக் பெடல் மெத்தென்றுதான் இருந்தது, மிதித்தால் ஈர மண்ணில் இறங்குவது போல இறங்கியது.

குழாய்க்குள் காற்று நிற்கிறது, அதை எடுக்க வேண்டும், ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க இன்னொருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து எண்ணெயோடு காற்றை வெளியே விட வேண்டும், எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரிந்த இந்த வேலையை அவர் தனியாகவே செய்தார், பெடலைக் கட்டையால் முட்டுக்கொடுத்துவிட்டு ஓடிப்போய்த் திருகைத் திறப்பார், திரும்பி ஓடிவருவதற்குள் போன காற்று உள்ளே வந்திருக்கும். அன்று காலை தெய்வானை இந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், ஏனுங்க, இது ரெண்டாள் வேலைதானுங்களே, நா உக்காந்து மிதிக்கறேன் என்றாள், வேண்டாம் புள்ள, அந்த சீட்டுல யாரும் உக்கார வேண்டாம் என்றார், சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. அவள் அவரைப் பார்த்தாள், நீங்க காத்த எடுக்கறதில்லீங்க மாமா, அத வெளிய போகாம காவல் காக்கறீங்க என்றாள், சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அண்ணனின் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள், ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு பழனிக்கும் கோயமுத்தூருக்கும் அவரையே ஏற்றிப்போனவள், அவர் பெடலடியில் கிடந்த கட்டையை எடுத்து ஓரமாக வைத்தார்.

சக்கரத்தடியில் படுத்து ஸ்பேனரைப் பிடித்தார், மிதி, புடிச்சுக்க, என்று சொல்லித் திருகைத் திறந்தார், திறந்தால் பெடல் தரைவரை போகும், போகத்தான் வேண்டும், அவருக்குத் தெரியும், ஆனால் மேலேயிருந்து அவள், உள்ள போகுதுங்க என்றாள், அந்தச் சின்ன ஆச்சரியத்தோடு, அதே குரல், பாறை எழும்பி வருகிறது, அணைத் தண்ணீர் மினுங்குகிறது, பதினெட்டு வயது முத்து படுத்துக்கிடக்கிறான், மேலே உட்கார்ந்திருப்பது யார், ஏனுங்க, விடட்டுங்களா, என்று அவள் மறுபடி கேட்கிறாள், விடாதே என்று கத்தித் திருகை இறுக்கினார், கை வழுக்கியது, திருகில் மாட்டிய குழாய் இறங்கியிருந்த கண்ணாடிப் பாட்டிலில் குமிழ் குமிழாகக் காற்று வந்து உடைந்துகொண்டிருந்தது. இப்போது விடு, மறுபடி மிதி, புடி, ஒவ்வொரு முறையும் அவள் உள்ள போகுதுங்க என்றாள், ஒவ்வொரு முறையும் அவர் செத்துப் பிழைத்தார், நாலு சக்கரத்தையும் சுற்றி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கடைசியில் எண்ணெய் மட்டும் வந்தது, அவள் மிதித்துப் பார்த்துவிட்டு, இப்ப போகலீங்க மாமா, கல்லாட்டம் நிக்குது என்றாள்.

அவள் இறங்கவில்லை. நா ஓட்டறேன், அந்தப் பக்கம் ஏறுங்க என்றாள். அந்தப் பக்கம் என்றால் இடப்பக்கம், பிரேக் இல்லாத பக்கம், அவர் ஏறினார், எப்படி ஏறினார் என்று தெரியவில்லை, வண்டி கொட்டகையை விட்டு வெளியே வந்தது, தென்னந்தோப்பு பின்னால் ஓடியது, காற்று முகத்தில் அறைந்தது, வாய்க்கால் பாலத்துக்கு இறங்கும் சரிவில் வேகம் கூடியது, பாலத்தின் கைப்பிடிச் சுவர் பாறையைப் போல வளர்ந்தது, கால் தரையை அழுத்துகிறது, ரப்பர் விரிப்பு, தகரம், அண்ணா என்று வாய்வரை வந்துவிட்டது, யாரோ மிதிக்கிறார்கள், வண்டி மூக்கைத் தாழ்த்தி, குலுங்கி, சுவருக்கு வெகு முன்னாலேயே நிற்கிறது. வாய்க்கால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கண்ணைத் திறக்கவில்லை, கால் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது, அவர் சொன்னாலும் கேட்காது போலிருந்தது. தெய்வானை அவர் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

கால எடுங்க மாமா, நா மிதிச்சிருக்கேன்.