தாழி கிடந்த காணி

பிரதாபன் இல்ஃபோர்டில் இருக்கிறார், மின்சார வேலை. மத்திய லண்டனில் ஓர் அருங்காட்சியகத்துக்கு விளக்கு மாற்றப் போனபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஈமத்தாழி ஒன்றின் கீழே இலங்கையிலுள்ள தன் ஊரின் பெயரைக் கண்டார். ஆலங்காய்முனை, 1957. அந்த வருடம் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் ஊரில் கூடாரமடித்துத் தோண்டியதைத் தன் சிறுவயதில் பார்த்ததாகத் தகப்பனார் சொல்லியிருக்கிறார். தோண்டிய இடம் பிற்காலத்தில் அக்கா நகுலேஸ்வரிக்குச் சீதனமாகப் போன தென்னங்காணி.

ஏணியில் நின்றபடியே அக்காவுக்குப் போன் எடுத்தார்.

"அக்கா, உங்கட காணியிலை எடுத்த தாழி இஞ்சை கிடக்கு. ரெண்டாயிரத்துச் சொச்சம் வருசமாம்!"

"உண்மையாவோ? படம் எடுத்து அனுப்படா."

படத்தைப் பேஸ்புக்கிலும் போட்டார். தமிழர் அங்கே எப்போதிருந்து வாழ்கிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி என்று எழுதி, காணிக்குப் போகும் ஒழுங்கையின் பெயரையும் சொன்னார். ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். ஒரு தமிழ்த் தொலைக்காட்சி கூப்பிட்டுப் பேட்டி எடுத்தது. ஈஸ்ட் ஹாமில் அக்கா வேலை செய்யும் பலசரக்குக் கடைக்கு வந்தவர்களெல்லாம் அதைப் பற்றியே கேட்டார்கள். அக்காவுக்கும் பெருமைதான். பென்ஷன் எடுத்ததும் அந்தக் காணியில் வீடு கட்டிப் போய் இருப்பது என்று எப்போதோ முடிவு செய்திருந்தார்.

மாரி முடிந்த கையோடு, காணியைப் பார்த்துவந்த தம்பி தர்சிகன் ஊரிலிருந்து அழைத்தான்.

"அண்ணை, தொல்லியல் திணைக்களக்காரர் ஆமியோடை வந்து எல்லைக்கல்லு நட்டிட்டாங்கள். தொல்லியல் இடமாம். தேங்காய் பொறுக்கவும் உள்ளுக்கை போக ஏலாது. உங்கட பேட்டியை ஒரு ஆபீசர் எனக்கே போட்டுக் காட்டினவன். 'பழைய இடமெண்டு உன்ர அண்ணன் தானே சொல்லுறான்' எண்டு சிரிக்கிறான்."

பிரதாபன் அருங்காட்சியகத்துக்கு ஓடினார். பேராசிரியர் அன்று காணிக்காரரிடம் கேட்டுத்தான் தோண்டினார், அது குடும்பக் காணிதான் என்றாவது ஒரு கடிதம் தர முடியுமா? பொறுப்பாயிருந்த பெண் தேநீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். வேறொரு நாட்டின் காணி விவகாரத்தில் தாங்கள் தலையிடுவதில்லை என்றார். அடுத்த மாதம் பார்வையாளர்களுக்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதில் வந்து ஊரைப் பற்றிப் பேசுவீர்களா என்றும் கேட்டார்.

அக்கா வீட்டில் அவரை ஒருவரும் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

"வெள்ளைக்காரன் ஒரு பானையைத்தான் கொண்டுபோனவன். நீ காணியையே தூக்கிக் குடுத்திட்டியேடா."

"நல்லதுக்கெண்டுதான் அக்கா…"

"ஓம். எல்லாரும் கை தட்டினவை தானே."

அன்றே பதிவை அழித்தார். அதற்குள் அது எத்தனையோ பேரின் பக்கங்களில் ஏறிவிட்டிருந்தது.

வைகாசியில் காணிக்குள் ஒரு புத்த விகாரைக்கு அத்திவாரம் வெட்டினார்கள். வேலிக்கு வெளியே நின்று தர்சிகன் படமெடுத்து அனுப்பினான். இயந்திரம் அள்ளிக் கொட்டிய மண்ணெல்லாம் உடைந்த தாழித் துண்டுகள். பொறுக்கி வைக்க ஆளில்லை.

நகுலேஸ்வரி இன்னும் அந்தக் கடையில்தான் நிற்கிறார். பிரதாபன் சாமான் வாங்கப் போனால், கல்லாவில் வேறொருவரை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார்.